முந்நூறு கட்டுரைகளா, ஒரே ஒரு கட்டுரையா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அன்றிரவு அங்கே யாருக்கும் தூக்கம் வராது. மறுநாள் உறவினர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் கையில் மருந்துப் புட்டி இருக்கும். இன்னொருவர் ஒரு துண்டறிக்கையை நீட்டுவார். "300 ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு" என்று அதில் அச்சடித்திருக்கும். இந்த 300 என்ற எண்ணுக்கு என்ன மதிப்பு? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எதை எண்ணுகிறார்கள்?

ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பது ஒரு கணக்கு. அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டையும் சேர்த்து 2005ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச் குறியீடு' என்ற அளவுகோலை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 20. முந்நூறு கட்டுரை எழுதியும் ஒன்றைக்கூட யாரும் எடுத்தாளவில்லை என்றால் குறியீடு பூஜ்யம்தான்.

வைன்பெர்க்கின் கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் வைன்பெர்க்கை எடுத்துக்கொள்வோம். மனிதனின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உயிரணுவிலிருந்து 'ராஸ்' என்ற மரபணுவை 1982ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததுதான் கோளாறு என்றும் அதே ஆண்டில் தெரியவந்தது. புற்றுநோய் வெளியிலிருந்து வந்து புகுந்த பேய் அல்ல, நம் மரபணுவிலேயே நேரும் பிழை என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

ஆனால் அவர் பெயரில் இந்தக் கண்டுபிடிப்பைவிட அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஒரு கட்டுரை உண்டு. டக்ளஸ் ஹனஹானுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் 'செல்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையே அது. அதில் புதிய சோதனை எதுவும் இல்லை. பிறர் கண்டவற்றையெல்லாம் தொகுத்து, புற்றுநோய் உயிரணுவுக்கு ஆறு அடையாளங்கள் உண்டு என்றார்கள். அது தானாக வளரும், நிறுத்து என்றால் கேட்காது, சாக வேண்டிய நேரத்தில் சாகாது, முடிவின்றிப் பெருகும், தனக்கென இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளும், வேறு உறுப்புகளுக்குப் பரவும். சிதறிக் கிடந்த செய்திகளுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. அதனால்தான் பல்லாயிரம் ஆய்வாளர்கள் அதை எடுத்தாண்டார்கள்.

எண்கள் சொல்லாதவை

மேற்கோள் வராத கட்டுரை மட்டமானதா? அப்படியும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ் என்பவர், கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றுக்கு வைரஸ் காரணம் என்று 1911ஆம் ஆண்டில் எழுதினார். நெடுங்காலம் அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. நோபெல் பரிசு 1966ஆம் ஆண்டில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 87.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. எந்தப் புற்றுக்கு எந்த மருந்து கேட்கும் என்று மரபணுவைப் பார்த்தே சொல்லலாம் என, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2006ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் எழுதியது. எல்லாரும் பாராட்டினார்கள். நோயாளிகளிடமும் அதைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கீத் பேக்கர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியல் வல்லுநர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். பட்டியலில் வரிசை ஒன்று தள்ளிப் போயிருந்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற குறிப்புகளே சில இடங்களில் தலைகீழாக இருந்தன. 2010ஆம் ஆண்டில் அந்தச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கட்டுரையும் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதை நம்பிச் சோதனையில் சேர்ந்தவர்கள் நம்மைப் போன்ற நோயாளிகள் என்பதை மறக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே துண்டறிக்கையில் எண்ணைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த முடிவை, சம்பந்தமில்லாத வேறொரு குழுவும் செய்து பார்த்து உறுதிப்படுத்தியதா? சோதித்தது கண்ணாடிக் குடுவையிலா, எலியிடமா, மனிதரிடமா? கட்டுரை இன்னும் செல்லுபடியாகிறதா, மீட்டுக்கொள்ளப்பட்டதா?

விடை தெரியாவிட்டால் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு போய், சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே காட்டுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். மேற்கோள்களின் எண்ணிக்கை ஓர் ஆய்வாளரைப் பற்றிப் பிறர் எவ்வளவு பேசினார்கள் என்பதைச் சொல்லும். அவர் சொன்னது சரியா என்பதை மறுசோதனை மட்டுமே சொல்லும். அது தெரியும்வரை, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை எந்தப் புட்டியை நம்பியும் நிறுத்திவிடாதீர்கள்.