பெண் பிள்ளைக்கு எதற்குக் கிரிக்கெட்?

'லேகியம், சூரணம் என்று எழுத வேண்டிய சித்த வைத்தியர், மட்டையும் பந்துமாகக் கிளம்பிவிட்டாரே!' என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

செஞ்சிப் பக்கம் பனமலையில் வைத்தியம் பார்க்கிறேன். பெண் குழந்தையைக் கூட்டிவரும் தாய்மார்கள் மருந்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை போவார்கள். அப்புறம் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். "ஐயா, இவ பசங்களோட சேர்ந்து கிரிக்கெட் ஆடறா. இப்ப வயசுக்கு வந்துட்டா. இனிமேலும் ஆடலாமா? கர்ப்பப்பை இறங்கிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க..."

இறங்காது. ஒரே வார்த்தையில் பதில் அவ்வளவுதான். ஆனால் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மாமியாரிடம் பேச முடியுமா? அதனால் நம் தமிழ்நாட்டில் மட்டை பிடித்த பெண்களின் கதையைச் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

இந்தியாவில் பெண்கள் கிரிக்கெட்டுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது 1973ல். அந்த வருஷம் புனேயில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு வந்தவை மூன்றே மூன்று அணிகள். மூன்று வருஷம் கழித்து, 1976ல், மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி இங்கே வந்து இந்தியாவோடு டெஸ்ட் தொடரே ஆடியது! பெங்களூரில் முதல் டெஸ்ட். அடுத்தது நவம்பரில், நம் சென்னை சேப்பாக்கத்தில். அதே மாதம் பாட்னாவில் இந்தியப் பெண்கள் முதல் வெற்றியைப் பெற்றபோது, பார்க்க வந்த கூட்டம் 25,000 பேருக்கும் மேல்.

அன்றைய கேப்டன் சாந்தா ரங்கசாமி. பிறந்தது சென்னை, ஆடியது கர்நாடகத்துக்காக. 1977 ஜனவரியில் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 108 ரன் எடுத்தார். இந்தியப் பெண் ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் சதம் அதுதான்.

நம்ம ஊர்க் கணக்கில் மூன்று பேர். விக்கெட் கீப்பர் ஃபவ்சியா கலீலி, வேகப்பந்து வீசிய சூசன் இட்டிச்செரியா, மட்டையாளர் சுதா ஷா. மூவரும் சென்னையில் ஆட்டம் பழகியவர்கள், மூவரும் இந்திய அணிக்குப் போனவர்கள். போனவர்களுக்கு ராஜ உபசாரம் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் பயணம், பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கை, மட்டையையும் கால்காப்பையும் ஒருவர் கழற்றித் தர இன்னொருவர் மாட்டிக்கொள்வது... அந்தக் காலத்து வீராங்கனைகள் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்ன விஷயங்கள் இவை. சம்பளம் என்ற பேச்சே கிடையாது.

சுதா ஷாவின் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1976ல், 18 வயதில் முதல் டெஸ்ட். 1991ல் கடைசி டெஸ்ட். நடுவில் 15 வருஷம். இந்தக் காலத்தில் அவர் ஆடியது 21 டெஸ்ட், 13 ஒருநாள் ஆட்டம். ஆண்கள் அணியில் இருப்பவர் இரண்டு மூன்று வருஷத்தில் முடித்துவிடுகிற எண்ணிக்கை! அவர் என்ன ஆட மறுத்தாரா? ஆட்டமே இல்லை. 1986ல் இங்கிலாந்துக்குப் போய் வந்த இந்தியப் பெண்கள் அணிக்கு, அடுத்த டெஸ்ட் கிடைத்தது 1991ல் ஆஸ்திரேலியாவில். 1988 உலகக் கோப்பைக்கு அணி போகவே இல்லை. ஒரு பெண்ணுக்கு உடம்பு நல்ல பலத்தோடு இருக்கிற 28 வயதிலிருந்து 32 வயது வரை, சும்மா பயிற்சி செய்துகொண்டே காத்திருந்தார் என்று அர்த்தம். பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளராக இருந்தார்.

இப்போது சூசனுக்கு வருவோம். மாமியாருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

வேகப்பந்து வீசுவது லேசுப்பட்ட வேலையில்லை. ஓடி வந்து, எம்பி, முன்னங்காலை ஊன்றி வீசும்போது உடம்பு எடையைப்போல் பல மடங்கு பாரம் அந்த ஒரு காலிலும் இடுப்பிலும் இறங்கும். கர்ப்பப்பை இறங்குவதாயிருந்தால் இந்தப் பெண்ணுக்கல்லவா இறங்கியிருக்க வேண்டும்? அந்த சூசனின் மகள்தான் தீபிகா பல்லிக்கல். ஆமாம், ஸ்குவாஷ் வீராங்கனை, கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்கின் மனைவி. 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவோடு சேர்ந்து தங்கம் வாங்கியவர். அதைவிடப் பெரிய சேதி, 2021 அக்டோபரில் தீபிகாவுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆறே மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், உலக இரட்டையர் ஸ்குவாஷ் போட்டியில் பெண்கள் பிரிவு, கலப்புப் பிரிவு என்று இரண்டு பட்டங்களை வென்றார்! பாட்டி சொன்ன பயம் நிஜமென்றால் இந்தக் குடும்பத்தில் இத்தனை நடந்திருக்குமா?

கர்ப்பப்பை இறங்குவதற்கு வேறு காரணங்கள் உண்டு. இடைவெளி இல்லாமல் பல பிரசவம், கஷ்டப்பட்ட பிரசவம், பிள்ளை பெற்ற உடம்பு தேறும் முன்பே குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவது, வருஷக்கணக்கில் இருமல், முக்கி முக்கிப் போகிற மலச்சிக்கல். மைதானத்தில் ஓடும் பெண்ணைத் தடுக்கிற நாம், பச்சை உடம்புக்காரி குடம் சுமப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. பெண் பூப்பெய்தியதும் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கிறோம். அருமையான வழக்கம், இடுப்புக்கு அத்தனை பலம் என்று நம் முன்னோர் கண்டறிந்து செய்தது. அப்படிப் பலப்படுத்திய இடுப்பை என்ன செய்கிறோம்? டி.வி. முன்னால் உட்கார வைக்கிறோம்! எலும்பு கெட்டிப்படுவது பெரும்பாலும் இருபது வயதுக்குள் முடிந்துபோகும் காரியம். அந்த வயதில் ஓடிக் குதித்துச் சேர்த்த எலும்பு பலம்தான், மாதவிலக்கு நின்ற பிறகு பாட்டி வயதில் கைகொடுக்கும்.

எங்கள் ஊர் தாளகிரீஸ்வரர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்து ஓவியம் ஒன்று உண்டு. பார்வதி ஒரு காலை மடித்து ஊன்றி, ஒயிலாக நின்று, சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனாலும் ஆடுபவர் ஐயா, பார்ப்பவர் அம்மா. 1300 வருஷமாக இதே ஏற்பாடுதான் போலிருக்கிறது!

சரி, கதைக்கு வருவோம். 2006ல் பெண்கள் கிரிக்கெட்டை இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணியும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் நிழலுக்கு வந்தது. மைதானம், பயிற்சியாளர், ஒழுங்கான பயணம் எல்லாம் மெல்ல மெல்ல வந்தன. அதற்காகக் கோப்பைகள் வந்து குவிந்தன என்று நான் புளுக மாட்டேன். தேசியப் போட்டிகளின் வெற்றிப் பட்டியலைப் பார்த்தால் ரயில்வே, ரயில்வே என்றுதான் திரும்பத் திரும்ப வரும். என்ன காரணம்? ரயில்வே வேலை கொடுத்தது. மாதம் பிறந்தால் சம்பளம் என்றால், எந்த ஊர்ப் பெண்ணும் அங்கேதானே போவாள்? நம் திருஷ்காமினியும் நிரஞ்சனா நாகராஜனும்கூட ரயில்வேக்காக ஆடியவர்கள்தான். நாம் வளர்த்தோம், அவர்கள் சோறு போட்டார்கள். கோபப்பட என்ன இருக்கிறது?

இந்த இரண்டு சென்னைப் பெண்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2013 ஜனவரி 31, மும்பை. உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக திருஷ்காமினி சரியாக 100 ரன் எடுத்தார். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்த வருஷம் ஆகஸ்டில், இங்கிலாந்தில் வார்ம்ஸ்லி என்ற ஊரில் டெஸ்ட். இந்தியப் பெண்கள் எட்டு வருஷம் கழித்து ஆடிய டெஸ்ட் அது. அணியில் எட்டுப் பேர் டெஸ்டுக்கே புதுசு. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 92 ரன்னில் சுருண்டது. நிரஞ்சனா 19 ரன் கொடுத்து 4 விக்கெட்! இந்தியா ஜெயித்தது. அதே வருஷம் நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக திருஷ்காமினி 192 ரன். பூனம் ராவுத்தோடு சேர்ந்து அவர் குவித்தது 275 ரன்.

ஹேமலதாவின் கதை வேறு தினுசு. தெருவில் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்த சென்னைப் பெண். முறையான பயிற்சிக்குப் போனதே 18 வயது வாக்கில்தான். 2018ல் இந்திய அணியில் இடம். 'வயசு தாண்டிப்போச்சு' என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இவர் பெயரைச் சொல்லுங்கள்.

பணம்? 2005 உலகக் கோப்பையில் இந்திய அணி இறுதிப் போட்டி வரை போனது. ஓர் ஆட்டத்துக்கு 1,000 ரூபாய் கிடைத்ததாக மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். 2022 அக்டோபரில் வாரியம் ஆண்களுக்கு என்ன ஊதியமோ அதே ஊதியம் பெண்களுக்கும் என்று அறிவித்தது. ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டெஸ்டுக்கு 15 லட்சம். 2023ல் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியது. 2024 டிசம்பர் ஏலத்தில், மதுரைப் பெண் கமலினியை மும்பை அணி 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது அவருக்கு 16 வயது! அடுத்த பிப்ரவரியில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். பெரியவர்கள் அணி உலகக் கோப்பையை வென்றது 2025 நவம்பர் 2ல். அந்த இரவு நீங்களும் டி.வி. முன்னால்தான் இருந்திருப்பீர்கள்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் மறுபடி பெண்கள் டெஸ்ட் நடந்தது, 48 வருஷம் கழித்து! ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் சேர்ந்து 292 ரன் எடுத்து, திருஷ்காமினி கூட்டணியின் 275ஐத் தாண்டினார்கள். இந்தியா 10 விக்கெட்டில் வெற்றி. சந்தோஷம்தான். ஆனால் ஆடிய பதினொரு பேரில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்திகூட இல்லை. திறமைக்கா பஞ்சம்? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எத்தனை பெண்களை நாம் வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் இந்த வயதில்தான் ஆட்டத்தையே சரியாகக் கற்க ஆரம்பிக்கிறான்.

பெண் உடம்புக்கு ஏற்ற மாதிரி ஆட்டத்திலும் சில ஏற்பாடுகள் உண்டு. ஆண்கள் பந்து 156லிருந்து 163 கிராம், பெண்கள் பந்து 140லிருந்து 151 கிராம். எல்லைக்கோடும் சற்றுக் கிட்டே இருக்கும். ஆடுகளத்தின் நீளம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், 22 கஜம்.

உங்கள் மகள் ஆடுகிறாளா? அப்படியானால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. சித்தத்தில் இதைப் பாண்டு என்போம். இரண்டு ஓவர் வீசியதும் மூச்சு வாங்குகிறது, படி ஏறினால் படபடப்பு, கண்ணிமையின் உட்புறம் வெளிறி இருக்கிறது என்றால், 'சோம்பேறி' என்று திட்டாமல் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, கொண்டைக்கடலை கொடுங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் சேராது. அன்னபேதிச் செந்தூரத்தைக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். அளவு தெரிந்த வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும்.

மாதவிலக்கு நாட்களில் ஆடலாமா? வலி இல்லை, சோர்வு இல்லை என்றால் தாராளமாக ஆடலாம். வலித்தால் ஓய்வு. அவள் உடம்பு, அவளுக்குத் தெரியும். ஆனால் ஆட்டம் கூடக்கூடச் சாப்பாடும் கூட வேண்டும். காலையில் வெறும் டீயோடு பயிற்சிக்கு ஓடுகிற பெண்ணுக்கு இரண்டு மூன்று மாதம் விலக்கு வராமல் போவதுண்டு. அதைப் பார்த்துவிட்டு 'விளையாட்டால் வந்த வினை' என்பார்கள். பட்டினியால் வந்த வினை அது. தள்ளிப்போனால் வைத்தியரிடம் வாருங்கள், சும்மா விடாதீர்கள்.

முட்டி பிசகினால் உடனே எண்ணெய் போட்டு உருவக் கூடாது. முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், ஓய்வு. வீக்கம் வடிந்த பிறகுதான் தைலமெல்லாம். கால் ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். வேகப்பந்து வீசுகிற சின்னப் பெண்ணுக்கு முதுகின் கீழ்ப்பக்கம் வலி விடாமல் இருந்தாலும் அப்படித்தான். வளர்கிற வயதில் அளவுக்கு மீறி வீசினால் முள்ளெலும்பில் மெல்லிய விரிசல் விழக்கூடும்.

தேர்வுக்கு அனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பெண்களுக்கு 15 வயதுக்குள், 19 வயதுக்குள், 23 வயதுக்குள், சீனியர் என்று தனித்தனி அணிகள் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் தயாராக இருக்கட்டும். 15 வயதுக்குட்பட்ட பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதையும் பார்ப்பார்கள். பிள்ளை பயப்படப் போகிறாள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊசி கிடையாது, ஒரு நிமிஷ வேலை.