இரண்டரை மில்லிமீட்டர் தகராறு

1981 மார்ச் 30. வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசலில் ஜான் ஹிங்க்லி என்ற இளைஞன், கண் சிமிட்டும் நேரத்தில் ஆறு முறை சுட்டான். அவன் கையில் இருந்தது .22 ரிவால்வர். அமெரிக்கக் கிராமங்களில் பையன்கள் தகர டப்பாவைக் குறி பார்க்கவும் அணில் வேட்டைக்கும் எடுத்துப் போகும் அளவுத் தோட்டா. ஒரு குண்டு காரின் கவசத்தில் பட்டுத் தெறித்து அதிபர் ரீகனின் இடது அக்குளுக்குக் கீழே நுழைந்தது. நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஓர் அங்குலத்துக்கு முன்னால் போய் நின்றது.

ரீகனுக்குச் சுடப்பட்டதே தெரியவில்லை. காருக்குள் தன்னைத் தள்ளிய பாதுகாவலர் விலா எலும்பை உடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தார். வாயில் ரத்தம் நுரைத்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வண்டி திரும்பியது. அங்கும் தன் காலாலேயே இறங்கி நடந்து, உள்ளே போன பிறகுதான் சரிந்தார். அதே துப்பாக்கி, அதே நொடி, இன்னொரு குண்டு: செய்தித் தொடர்பாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் பாய்ந்தது. அவர் அந்த இடத்திலேயே விழுந்தார். அதற்குப் பிறகு வாழ்ந்த முப்பத்து மூன்று வருடமும் அந்தக் காயத்தோடுதான்.

அப்படியானால் .22 பலமானதா, பலவீனமானதா? அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் நூறு வருடத்துக்கு மேலாக ஓயாத வாக்குவாதத்தின் கரு இந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் சாதாரணக் குடிமகன் இடுப்பில் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். ஒரு காலத்தில் பல மாநிலங்களில் அதற்கு அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. 1987இல் ஃப்ளோரிடா, தகுதி இருந்தால் மறுக்காமல் உரிமம் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருப்பதும் அரசியல் சட்டம் தந்த உரிமையே என்று தீர்ப்பளித்தது. இன்று 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. ஆக, முதல் முறை துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் நிறைய. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அவர்கள் கேட்கும் கேள்வியும் அநேகமாக ஒன்றேதான்: எந்த காலிபர்?

காலிபர் என்றால் குழலின் துளை அளவு. அதாவது குண்டின் விட்டம். .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு, சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். 9 எம்எம் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் குண்டை அளந்தால் .357 அங்குலம்தான் வரும். .357 மேக்னம் என்று தனியாக விற்பதும் அதே விட்டம்தான். பித்தளைக் கூடு கொஞ்சம் நீளம், மருந்து அதிகம். .380 என்பதோ 9 எம்எம்மின் குள்ளத் தம்பி. குண்டின் அகலம் ஒன்றேதான், வேகமும் எடையும் குறைவு. எண்ணைப் பார்த்துப் பலத்தைக் கணக்குப் போடுகிறவன் முதல் படியிலேயே வழுக்கி விழுவான்.

9 எம்எம் தோட்டா 1902இல் ஜெர்மனியில் ஜார்ஜ் லூகர் வடிவமைத்தது. .45 அமெரிக்கச் சரக்கு. அதன் பிறப்புக்கு ஒரு தோல்விக் கதை உண்டு. பிலிப்பைன்ஸை அமெரிக்கா பிடித்தபோது, தெற்குத் தீவுகளின் மோரோ வீரர்கள் வாளோடு பாய்ந்து வந்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்களின் .38 ரிவால்வர் குண்டுகளை வாங்கிக்கொண்டும் ஓடிவந்து வெட்டினார்கள் என்று புகார்கள் குவிந்தன. 1904இல் ஜான் தாம்ஸன் என்ற ராணுவ அதிகாரியும் லூயிஸ் லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோ இறைச்சிக் கூடங்களுக்குப் போய், மாடுகளைச் சுட்டும் பிணங்களைச் சுட்டும் சோதித்தார்கள். சுட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு மாடுகளை. அதிலும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரி. முடிவு மட்டும் சந்தேகமே இல்லாமல் வந்தது: .45க்குக் குறைந்து எதுவும் உதவாது. அதை வைத்து ஜான் பிரௌனிங் செய்த பிஸ்டலை 1911இல் ராணுவம் ஏற்றது; 1985 வரை விடவில்லை. (அந்தத் தாம்ஸன்தான் பின்னாளில் சிகாகோ தாதாக்களின் கையில் புகழ் பெற்ற டாமி கன்னை உருவாக்கியவர். அதிலும் .45தான்.)

.45 குண்டு பட்டால் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவான் என்ற நம்பிக்கை இப்படித்தான் வேர்விட்டது. சினிமாவும் தண்ணீர் ஊற்றியது. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும் இதை உடைக்க. குண்டு முன்னால் போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு சுடுகிறவன் கையிலும் திரும்ப உதைக்கிறது. பட்டவனைப் பறக்கவைக்கும் துப்பாக்கி, சுட்டவனையும் மல்லாக்கத் தள்ளியிருக்க வேண்டும். வழக்கமான 9 எம்எம் குண்டு 8 கிராம், விநாடிக்கு 350 மீட்டர். .45 குண்டு ஏறக்குறைய 15 கிராம், விநாடிக்கு 260 மீட்டர். கணக்குப் போட்டால் இரண்டின் ஆற்றலும் ஐந்நூறு ஜூல் பக்கம்தான். கனமானது மெதுவாக, இலேசானது வேகமாக; நடுவில் விட்ட வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர் கூட முழுதாக இல்லை.

இந்தத் தகராறில் 1986 ஏப்ரல் 11 ஒரு திருப்பம். மயாமி புறநகர்த் தெரு ஒன்றில் எஃப்பிஐ ஏஜென்டுகள் எட்டுப் பேர், இரண்டு கொள்ளையர்களின் காரை மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். ஏஜென்டுகளில் இருவர் செத்தார்கள், ஐவருக்குக் காயம். கொள்ளையன் மைக்கேல் பிளாட் மீது ஆரம்பத்திலேயே ஒரு 9 எம்எம் குண்டு பட்டது. கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் புகுந்து, நுரையீரலைச் சுருக்கி, இதயத்தைத் தொடாமல் நின்றது. பிழைக்க முடியாத காயம். பிரேதப் பரிசோதனையில் அது தெரிந்தது. ஆனால் அவன் அப்போதே விழவில்லை. அதற்குப் பிறகுதான் இரண்டு ஏஜென்டுகளையும் கொன்றான்.

இங்கேதான் விஷயம் தெளிகிறது. கொல்லும் குண்டு வேறு, நிறுத்தும் குண்டு வேறு. 1914இல் சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைக் கொன்ற பிஸ்டலும், 1948இல் டெல்லியில் காந்தியடிகளைச் சுட்ட பெரெட்டாவும் .380தான். இன்று அமெரிக்கக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கி 'கொஞ்சம் சின்னது' என்று சொல்லும் அளவு. கொலைகாரனுக்குச் சின்னதே போதும். இரை எப்போது சாகிறது என்பது அவனுக்குப் பொருட்டில்லை. தற்காத்துக்கொள்கிறவனுக்கோ எதிரி சாக வேண்டியதே இல்லை, அடுத்த மூன்று விநாடிக்குள் கையை இறக்கினால் போதும். அந்த மூன்று விநாடிக்கு எந்தக் கைத்துப்பாக்கியும் உத்தரவாதம் தராது. மூளையிலோ முதுகுத் தண்டிலோ பட்டால் ஒழிய, ரத்தம் வடிந்து உடல் தளர நேரம் பிடிக்கும்.

எஃப்பிஐ பழியைக் குண்டின் மேல் போட்டது. எட்டுப் பேர் போய்ப் பிடிக்கத் திட்டமிட்ட விதம், கொள்ளையன் கையில் ரைஃபிள் இருந்தது, முக்கியமான நேரத்தில் ஓர் ஏஜென்டின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது, எல்லாம் அறிக்கைகளில் இருந்தன. குண்டைக் குறை சொல்வது சுலபம். குண்டு திருப்பிப் பேசாது. சண்டையை முடித்துவைத்த ஏஜென்ட் எட் மிரெலஸ், ஒரு கை சிதைந்த நிலையில், ரிவால்வரில் போட்டுச் சுட்டது பழைய .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பெரிதாக வேண்டும் என்று 10 எம்எம்முக்குப் போனார்கள். உதை தாங்காமல் பல ஏஜென்டுகள் குறி தவறினார்கள். மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு இவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று நறுக்கியதில், 1990இல் .40 ஸ்மித் அண்ட் வெஸன் பிறந்தது. அமெரிக்க போலீஸ் நிலையங்கள் விழுந்தடித்து வாங்கின. 1994 முதல் பத்து ஆண்டுகள் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புது மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை இருந்ததும் பெரிய குண்டுக்குச் சாதகமாயிற்று: பத்துதான் என்றால் பருமனாகவே இருக்கட்டுமே!

மயாமி கொடுத்த உருப்படியான பலன் வேறு. குண்டுகளைச் சோதிக்க ஒரு பொது அளவுகோல் வந்தது. பன்றித் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைக் கட்டியாக்கி, அதன் மேல் கனத்த துணி, பலகை, கார்க் கண்ணாடி என்று வைத்துச் சுடுகிறார்கள். குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18 அங்குலத்துக்கு மிஞ்சாமல் உள்ளே போக வேண்டும். குறைந்தால் இதயத்துக்கு முன்னால் நின்றுவிடும். மிஞ்சினால் பின்னால் நிற்கும் வேறொருவரைத் துளைக்கும். கம்பெனிகள் இந்தப் பரீட்சைக்கென்றே குண்டு செய்ய ஆரம்பித்தன. மூக்கில் குழி வைத்த குண்டு, உடலுக்குள் போனதும் பூப்போல விரிந்து வேகம் இழக்கும். இதன் முன்னோடி நம் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் 1890களில் வெள்ளைக்காரன் செய்தது. 1899இல் ஹேக் மாநாடு போர்க்களத்தில் இதைத் தடை செய்தது. எதிரி நாட்டுச் சிப்பாய் மீது சுடக்கூடாத குண்டைத்தான் அமெரிக்க போலீஸ்காரர் தன் ஊர்க்காரர் மீது சுடுகிறார். காரணம் கேட்டால், வழிப்போக்கருக்கு இதுதான் பத்திரம் என்பார். முரண்தான், ஆனால் பொய்யில்லை.

குண்டு தேறியதும் 9 எம்எம்முக்கும் .45க்கும் இடையே ஜெலட்டினில் பேதம் சுருங்கிப்போனது. 2014இல் எஃப்பிஐ பயிற்சிப் பிரிவே எழுதியது: போலீஸார் நிஜச் சண்டையில் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகிறது, ஆகவே உதை குறைந்த, அதிகத் தோட்டா கொள்ளும் 9 எம்எம்மே மேல். 2016இல் அதற்கே ஒப்பந்தமும் போட்டது.

மறைத்து வைப்பவருக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம். சட்டைக்குள் தெரியாதிருக்கத் துப்பாக்கி சின்னதாக, இலேசாக இருக்க வேண்டும். இலேசானது அதிகமாக உதைக்கும். 2008இல் வந்த ரூகர் எல்சிபி என்ற .380 பிஸ்டல் முந்நூறு கிராம் கூட இல்லை. பேன்ட் பாக்கெட்டில் தெரியவே தெரியாது. சுட்டுப் பார்த்தால் விரல் வலிக்கும். வலித்தால் பழகப் பிடிக்காது. பழகாதது அவசரத்தில் கைகொடுக்காது. 2018இல் சிக் சாவரின் பி365, அரைக் கிலோ எடையில் பத்து 9 எம்எம் தோட்டாக்களை அடக்கியதும்தான் .380க்கு நெருக்கடி வந்தது. ஆனாலும் மூட்டு வலிக்காரர்களுக்கும் ஸ்லைடை இழுக்கக் கைவலு இல்லாதவர்களுக்கும் .380தான் சௌகரியம். சிலருக்கு .22 ரிவால்வர். .22இல் மட்டும் ஓர் ஆபத்து: தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பில் இருப்பதால் சில நேரம் விசையை இழுத்தும் வெடிக்காது. தோட்டா விலையையும் மறக்கக் கூடாது. .22ஐ விட்டால் பிஸ்டல் தோட்டாக்களில் 9 எம்எம்தான் மலிவு; .45 வாங்கும் காசில் இன்னும் பல பெட்டி சுட்டுப் பழகலாம்.

நம் நாட்டில் இந்தத் தலைவலி இல்லை. 9 எம்எம் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. உரிமம் வாங்குவதே தவம், வாங்கினாலும் பெரும்பாலும் .32தான். 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் .32தான், அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

காலிபர் வாக்குவாதத்தில் அநேகமாக வராத கணக்கு ஒன்று அமெரிக்கச் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அந்தத் தூரத்தில் .22க்கும் .45க்கும் வித்தியாசம் இல்லை.

எஃப்பிஐ மாறியதும் ஊர் போலீஸ் நிலையங்களும் வரிசையாக .40ஐக் கைவிட்டன. கழித்துக் கட்டிய அந்த பிஸ்டல்கள் இப்போது பழைய சாமான் விலைக்குக் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. உறையில் உரசிப் பெயின்ட் தேய்ந்தவை, ஆனால் அதிகம் சுடப்படாதவை. முதல் முறை வாங்க வருகிறவர் பக்கத்தில் உள்ள புது 9 எம்எம்மின் விலைச் சீட்டைப் பார்க்கிறார், மறுபடி .40ஐப் பார்க்கிறார். 'இது பெரிய குண்டுதானே?' என்று கடைக்காரரைக் கேட்கிறார்.