காளான் சாப்பிட்ட பின் வாந்தியா? மணியைக் கவனியுங்கள்

மழை விட்ட மறுநாள் கறையான் புற்றைச் சுற்றிக் காளான் பூத்திருக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்த உங்களில் பலருக்கு அது பழகிய உணவு. பால்மரக் காட்டில் பறித்து வந்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டினால் கோழிக்கறி கூட வேண்டாம் என்பார்கள். அந்தப் புற்றுக்காளான் நல்ல காளான்தான். ஆனால் இன்று நாம் குடியிருக்கும் தாமான்களில், வீட்டு முன் புல்தரையில், விளையாட்டுத் திடலில் முளைப்பதெல்லாம் அது அல்ல.

புல்தரையில் முளைக்கும் ஒரு நச்சுக் காளான் வெள்ளைக் குடை போல விரிந்திருக்கும். மேலே பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருக்கும். முற்றிய பிறகுதான் குடையின் அடிமடிப்புகளில் பச்சை நிறம் தெரியும். இளசாக இருக்கும்போது அவை வெள்ளையாகவே இருப்பதால், பறிப்பவர் ஏமாந்து போகிறார்.

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் சாப்பிடலாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இவற்றில் எதுவுமே உண்மையான சோதனை அல்ல. வேகவைத்தாலும், பொரித்தாலும், காயவைத்தாலும் கொடிய காளான்களின் நஞ்சு போகாது.

எப்போது வாந்தி தொடங்கியது?

மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்பது இதுதான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கியது?

மூன்று மணி நேரத்திற்குள் தொடங்கினால், பெரும்பாலும் வயிற்றையும் குடலையும் மட்டும் தாக்கும் காளானாக இருக்கும். மேலே சொன்ன புல்தரைக் காளான் அந்த வகை. டிரிப் ஏற்றினால் பலர் ஓரிரு நாளில் தேறிவிடுவார்கள். என்றாலும் வயதானவர்களுக்கு இதுவே ஆபத்தாகலாம். உடலில் நீர் வற்றினால் இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் பாதிக்கப்படும். நீங்கள் இனிப்புநீர் மருந்தோ, நீர் பிரிய மாத்திரையோ சாப்பிடுபவராக இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மாட்டுச் சாணத்தில் முளைக்கும் சில காளான்கள் வேறு விதமானவை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்திற்குள்ளேயே மனம் குழம்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும்.

ஆறு மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள் காலையில் வாந்தி தொடங்கினால்தான் மிகவும் கவனம் தேவை. அமனிட்டா என்ற இனத்தைச் சேர்ந்த சில காளான்கள் இப்படித்தான் தாக்கும். முதலில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு எல்லாம் நின்று, ஒரு நாள் போல உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். கஞ்சி குடிப்பார், எழுந்து நடப்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகும், நினைவு தடுமாறும். சரியாகிவிட்டது என்று சிகிச்சையைப் பாதியில் விடுவது உயிருக்கே ஆபத்து.

ஒரே குழம்பில் இரண்டு வகைக் காளான் கலந்திருக்கவும் கூடும். ஆகவே வாந்தி சீக்கிரம் வந்துவிட்டது, பயமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

கல்லீரல், சிறுநீரகம், இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். முதல் நாள் முடிவு நன்றாக இருந்தாலும் மறுபடி மறுபடி இரத்தம் எடுப்பார்கள். கல்லீரல் பாதிப்பு பரிசோதனையில் தெரியச் சற்று நாளாகும் என்பதே காரணம். எத்தனை தடவை ஊசி குத்துவது என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

நஞ்சை ஈர்க்கும் கரித்தூள் மருந்து கொடுக்கலாம். நரம்பு வழியாக நீரும் உப்பும் ஏற்றுவார்கள். கல்லீரலைக் காக்க அசிட்டைல்சிஸ்டீன், சில இடங்களில் சிலிபினின், பென்சிலின் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. எல்லா நச்சுக் காளானையும் முறிக்கும் ஒரே மருந்து என்று எதுவும் இல்லை. கல்லீரல் முழுவதும் கெட்டுவிட்டால் மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டிய நிலை வரும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

உப்புத் தண்ணீர் குடித்தோ, தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்க முயல வேண்டாம். புளித்தண்ணீர், பால், இளநீர் எதுவும் நஞ்சை முறிக்காது. அதற்காகக் காத்திருந்தால் நேரம்தான் வீணாகும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் பாரசிட்டமாலையும் நீங்களாகச் சாப்பிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் காளானைக் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் சீக்கிரம் அழுகிவிடும். சமைத்த குழம்பு இருந்தாலும், குப்பையில் போட்ட காம்பு இருந்தாலும் கொண்டு போகலாம். முளைத்த இடத்தைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துப் பையும் கூடவே வரட்டும்.

அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும், பேரப்பிள்ளைகள் உட்பட, நன்றாக இருந்தாலும் சேர்ந்தே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். நஞ்சு பற்றிய ஆலோசனைக்குப் பினாங்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைக்கலாம்.