பல் இல்லாவிட்டாலும் வாயைக் காட்டுங்கள்

ஜெலுத்தோங் வட்டார மூத்த குடிமக்களுக்கான வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை விளக்கம்

“எனக்குப் பல்லே இல்லை, பல்செட்தான் போட்டிருக்கிறேன். வலியும் இல்லை. பிறகு எதற்குப் பல் டாக்டர்?”

மூத்தவர்கள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால், பல் மருத்துவர் பார்ப்பது பல்லை மட்டுமல்ல. உதடு, நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உட்புறம், ஈறு, மேலண்ணம் ஆகிய எல்லா இடங்களையும் அவர் பார்க்கிறார். வாய்ப் புற்றுநோய் தொடங்குவது இந்த இடங்களில்தான். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரட்டும் என்று காத்திருந்தால் நோய் முற்றிவிடக்கூடும்.

நமக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகமாகக் காணப்படுகிறது. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் அது முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகின்றனர். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சிறிய அறுவைச் சிகிச்சையுடன் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. முற்றிய பிறகு நாக்கின் ஒரு பகுதியையோ தாடை எலும்பையோ அகற்ற நேரிடலாம். அதனால் பேசுவதும் சாப்பிடுவதும் சிரமமாகிவிடும். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

பின்வரும் பழக்கங்கள் இப்போது உள்ளவர்களும் முன்பு இருந்தவர்களும் கட்டாயம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்:

• வெற்றிலை பாக்கு போடுதல்
• புகையிலை மெல்லுதல்
• சிகரெட், சுருட்டு, பீடி புகைத்தல்
• சம்சு உள்ளிட்ட மதுபானங்களை அருந்துதல்

புகைப்பதும் மது அருந்துவதும் ஒருவரிடமே இருந்தால் ஆபத்து பல மடங்காகிறது.

“நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்”

இப்படி நினைத்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகக் கூறியுள்ளது.

திருமணத்திலும் பூசையிலும் தாம்பூலம் வைப்பது நம் மரபு. தட்டில் வைத்துக் கொடுப்பதால் கெடுதல் இல்லை. பாக்கை மெல்லுவதும் கன்னத்தில் அடக்கி வைப்பதும்தான் கேடு. பல ஆண்டுப் பழக்கமாக இருந்தாலும், இன்று விட்டால் அந்த அளவுக்கு நன்மைதான்.

வெறுமனே கண்ணால் பார்ப்பதில் பயன் உண்டா?

உண்டு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 13 ஊராட்சிகளைச் சேர்ந்த, 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 190,000 பேர் அதில் இடம்பெற்றனர். 7 ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மக்களின் வாயைப் பார்த்துச் சோதித்தார்கள். சந்தேகம் இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மற்ற 6 ஊராட்சிகளில் இந்தச் சோதனை நடக்கவில்லை.

முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, சோதனை நடந்த ஊர்களில் வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதுமானதாக இருந்தன.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

பல்செட் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். பிறகு விளக்கு வெளிச்சத்தில் வாயின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். நாக்கை மெதுவாகப் பிடித்து இரு ஓரங்களையும் பார்ப்பார்கள். கழுத்தையும் தாடையின் அடியையும் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஜெலுத்தோங் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரும் நேரம்கூட ஆகாது.

ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன பழக்கங்கள் உள்ளவர்கள் இன்னும் அடிக்கடி வர வேண்டுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் மாதம் ஒரு முறை பாருங்கள்

பல்செட்டைக் கழற்றி வாயைக் கொப்பளியுங்கள். கண்ணாடி முன் நின்று டார்ச் லைட் அடித்து உதடு, ஈறு, கன்னம், மேலண்ணம், நாக்கு எல்லாவற்றையும் பாருங்கள். கண் பார்வை குறைந்தவர்கள் வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்வருவனவற்றில் எது இருந்தாலும் கிளினிக்குக்குச் செல்லுங்கள்:

• 2 வாரங்களாகியும் ஆறாத புண்
• துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• வாயிலோ கழுத்திலோ கட்டி அல்லது தடிப்பு
• காரம் பட்டாலே எரிச்சல். வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை
• காரணமின்றி இரத்தக் கசிவு, மரத்துப்போதல், பல் ஆடுதல்
• விழுங்குவதில் சிரமம்
• நன்றாக இருந்த பல்செட் திடீரெனப் பொருந்தாமல் போவது

எதையாவது கண்டுபிடித்தால்?

பயப்பட வேண்டாம். எல்லாத் திட்டும் புற்றுநோய் அல்ல. கூரான பல்லோ பல்செட்டோ உரசுவதாலும் புண் வரும். சந்தேகம் இருந்தால் நிபுணரிடம் அனுப்புவார்கள். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிப்பார்கள். அனுப்பிய தேதியில் தவறாமல் செல்லுங்கள். நாட்டு மருந்து போட்டுப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

கிளினிக்குக்குச் செல்லும்போது

அடையாள அட்டையையும், சாப்பிடும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலாய் பேசத் தயக்கமாக இருந்தால் மகனையோ பேத்தியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பதிவு முகப்பில் “சாரிங்ஙான் கான்சர் மூலுட்” என்று கேட்டாலே போதும், புரிந்துகொள்வார்கள்.

வெற்றிலை பாக்கு போடுவதையோ புகைப்பதையோ மறைக்க வேண்டாம். உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. எங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால் அதையும் அங்கேயே கேளுங்கள்.

வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை கிளினிக் பக்கம் போகும்போது வாயையும் ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள்.