இணையத்தில் கிடைக்கும் அறிவியல்: எதை நம்பிக் குழந்தையிடம் கொடுப்பது?

குழந்தைகளுக்கான அறிவியல் சோதனைகளை இணையத்தில் தேடுவோரின் கண்ணில் விரைவிலேயே படுவது, நிறமூட்டிய நீருள்ள தட்டின் நடுவே எரியும் ஒரு மெழுகுவர்த்தியும் அதன்மேல் கவிழ்க்கப்படும் கண்ணாடி டம்ளரும்தான். சுடர் அணைகிறது, நீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக உள்ள ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தை நீர் நிரப்பியது என்ற விளக்கமும் கூடவே வருகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினாலும் இந்த விளக்கம் தவறானது. உண்மையில், சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றின் ஒரு பகுதி டம்ளர் விளிம்பின் வழியே குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பதோடு, எரிதலில் உண்டாகும் கார்பன் டைஆக்சைடும் உள்ளே இடம் பிடித்துக்கொள்கிறது.

இந்தப் பிழையைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அதே டம்ளருக்குள் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலாக மூன்றை வைத்தால் ஆக்சிஜனின் அளவு மாறுவதில்லை, ஆனால் நீர் முன்பைவிட உயரமாக ஏறுகிறது. மேலும், சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது மெதுவாகவே நகரும் நீர், அது அணைந்த பிறகுதான் விரைந்து ஏறுகிறது. இவ்விரண்டையும் கவனித்த குழந்தைக்குக் காணொளியின் விளக்கத்தில் ஐயம் எழும். அந்த ஐயம்தான் அறிவியல் கற்பித்தலின் தொடக்கம். ஆகவே இணைய வளமொன்றை எடைபோடும்போது, அதில் படங்கள் கவர்ச்சியாக உள்ளனவா என்பதைக் காட்டிலும், ஒன்றை மாற்றிப் பார்த்து, சொன்னது சரிதானா என்று சோதிக்க அது குழந்தைக்கு இடம் தருகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய தேடலைப் பாடநூலிலிருந்தே தொடங்கலாம். 2018ஆம் ஆண்டில் வெளியான புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு எனப்படும் விரைவுக் குறியீடு, அதாவது கைப்பேசிக் கேமராவால் படித்தவுடன் உரிய இணையப் பக்கத்தைத் திறக்கும் கட்டங்கள் நிறைந்த சதுரம், அச்சிடப்பட்டது. 2017இல் ஒன்றிய அரசு தொடங்கிய திக்‌ஷா தளத்தில் உள்ள பாடப்பொருளுக்கு அது வழிகாட்டியது. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் மணற்கேணி செயலியும் வந்தன. பாடத்திட்டத்தை ஒட்டியவை என்பதால் தேர்வுக்குத் தயாராகும் மாணவருக்கு இவை பெரிதும் பயன்படுகின்றன. ஆனால், பெரும்பாலும் ஒருவர் விளக்க மற்றவர் கேட்கும் அமைப்பில் இருக்கும் பாடக் காணொளியால் மட்டும், மேலே கூறிய மூன்று மெழுகுவர்த்திச் சோதனை போன்ற ஒன்று வகுப்பில் நிகழ்ந்துவிடாது. அதற்கு ஆசிரியரோ பெற்றோரோ வேறிடமும் செல்ல வேண்டும்.

அவ்வாறு செல்லத்தக்க இடங்களுள் ஒன்று, இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அதற்கடுத்த ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டம். இதில் இருப்பவை பாவனைகள்; அதாவது, இயற்கை நிகழ்வொன்றின் விதிகளைக் கணினி நிரலாக எழுதி, பயன்படுத்துவோர் அளவுகளை மாற்றும்போது விளைவும் உடனே மாறும்படி அமைத்த இயங்குபடங்கள். மின்சுற்றுப் பாவனையில் குழந்தை மின்கலத்தையும் பல்பையும் கம்பியையும் இழுத்துவந்து தானே இணைக்கிறது. இரண்டாவது பல்பைத் தொடரிணைப்பில் சேர்த்தால் இரண்டும் மங்குகின்றன, பக்க இணைப்பில் சேர்த்தால் ஒளி குறைவதில்லை. சுற்று முழுமையடையாவிட்டால் எதுவும் ஒளிர்வதில்லை என்பதையும் யாரும் சொல்லாமலே அது அறிந்துகொள்கிறது. பல பாவனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத வகுப்பறையிலும் இயங்குகின்றன. எனினும் பாவனை என்பது எளிமையாக்கப்பட்ட உலகம். அதில் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாகக் காட்டப்படுவதால் அவை உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும் என்று குழந்தை எண்ணிவிடக்கூடும். அதைத் திருத்தவும், கையில் ஒரு டார்ச் பல்பையும் பேட்டரியையும் கொடுத்து அதே சுற்றை மேசைமீது அமைக்கச் செய்யவும் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

கையால் செய்து பார்க்கும் அறிவியலுக்கு இந்தியாவில் கிடைத்திருக்கும் பெருஞ்செல்வம் அரவிந்த் குப்தாவின் இணையதளம். கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்த அவர், 1972இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் எழுபதுகளின் இறுதியில் இணைந்து, சந்தையில் கிடைக்கும் மலிவான பொருள்களையும் கழிவுகளையும் கொண்டு பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய குறும்படங்களில் தமிழில் பேசுபவையும் உண்டு. அவர் பரவலாக்கிய எளிய மின்மோட்டாருக்கு ஒரு பேட்டரி, இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய சிறிது செம்புக்கம்பி, ஒரு ரப்பர் பேண்ட் ஆகியவை போதும். கம்பியைச் சுருளாகச் சுற்றிய பின், ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும்; மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டாமல் விட்டுவிட வேண்டும். இரு முனைகளையும் முழுவதுமாகச் சுரண்டினால் பெரும்பாலும் சுருள் சுழலாமல் முன்னும் பின்னும் ஆடி நின்றுவிடும். ஏனெனில் முதல் அரைச் சுற்றில் அதைத் தள்ளிய விசை அடுத்த அரைச் சுற்றில் எதிர்த்திசையில் இழுக்கிறது. எனாமல் உள்ள பக்கம் அந்த நேரத்தில் மின்னோட்டத்தைத் துண்டித்துவிடுவதால் சுருள் தன் வேகத்திலேயே மீதிச் சுற்றைக் கடக்கிறது. மோட்டார் ஓடாதபோது ஏன் ஓடவில்லை என்று தேடும் அந்த நேரத்தில், ஓடும் மோட்டார் கற்பிப்பதைவிடக் கூடுதலாகவே குழந்தை கற்கிறது.

தேடும் முறையைப் பற்றிச் சில குறிப்புகள் அவசியம். தமிழில் தேடும்போது தமிழ்நாட்டுக் கலைச்சொல்லோடு இலங்கைக் கலைச்சொல்லையும் இட்டுப் பார்த்தால், அதாவது ஆக்சிஜனை ஒட்சிசன் என்றும் எலக்ட்ரானை இலத்திரன் என்றும் தேடினால், இலங்கைக் கல்வித் துறையின் தமிழ்ப் பாடங்களும் கிடைக்கும். பழைய பரிந்துரைப் பட்டியல்களில் உள்ள இயங்குபடங்களில் பல, ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020இன் இறுதியில் நிறுத்தப்பட்டதால் இப்போது திறப்பதில்லை. திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவற்றை, அதாவது மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று உருவாக்கியவரே அனுமதி தந்தவற்றை, தயக்கமின்றி அச்சிட்டு வகுப்பில் கொடுக்கலாம். வீட்டு மின்இணைப்பை நேரடியாகப் பயன்படுத்தும் சோதனைகளைக் குழந்தைகளுக்குக் காட்டும் காணொளி எத்தனை பேர் பார்த்ததாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

இணையமும் வெளியுலகமும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் வாய்ப்பு, தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வீட்டு வாசலுக்கே வருகிறது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில், ஆண்டில் இரண்டு நாள்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. இதை நிழலில்லா நாள் என்பர். சென்னைக்கு அது ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் அமைகிறது. ஒவ்வோர் ஊருக்கும் உரிய நாளை இணையத்திலேயே அறியலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் என்னும் வானியல் மென்பொருளில் ஊரின் பெயரை இட்டும் சரிபார்க்கலாம். சென்னையில் நிழல் மறையும் அதே நாளின் நண்பகலில், கன்னியாகுமரியில் நட்ட ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நிழல் விழும். அந்த நிழலிலிருந்து கிடைக்கும் கோணம் 5 பாகை. அது முழு வட்டத்தின் 72இல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையிலான தெற்கு வடக்குத் தொலைவு சுமார் 555 கிலோமீட்டர் என்பதை இணைய வரைபடத்தில் அளந்து, 72ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டருக்கு மிக அருகில் வரும் பூமியின் சுற்றளவு கிடைக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த எரடோஸ்தெனிஸ், சியீன், அலெக்சாந்திரியா ஆகிய ஊர்களின் நிழல்களைக் கொண்டு கையாண்ட முறையும் இதுவே.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வரைபடம் காட்டும் நேர்கோட்டுத் தொலைவையோ சாலைத் தொலைவையோ எடுத்தால் விடை பெரிதாகிவிடும், ஏனெனில் கன்னியாகுமரி சென்னைக்கு நேர் தெற்கே இல்லாமல் மேற்கே தள்ளி அமைந்திருக்கிறது. அதே காரணத்தால் அங்கு நண்பகலும் சில நிமிடங்கள் தாமதமாகவே வரும் என்பதால், கடிகாரத்தில் மணி 12 ஆவதைப் பாராமல் அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகும் கணத்தில் அளக்க வேண்டும். மேகம் மறைத்தாலும் முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை. வேறு எந்தத் தெளிவான நாளிலும் இரு பள்ளிகளும் தத்தம் நண்பகல் கோணத்தை அளந்து கைப்பேசியில் பகிர்ந்துகொண்டால், சூரியன் உச்சியிலிருந்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும் கணக்கில் கொள்ளும்போது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அதே 5 பாகையாகவே இருக்கும்.