உஷார்! அந்த லேகிய டப்பாவைக் கையில் வாங்காதீர்கள்

திருச்சி விமான நிலையம். சிங்கப்பூர் விமானத்துக்கான வரிசை. எனக்கு முன்னால் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், மகள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். முறுக்கு, அதிரசம், வத்தல், வடகம் எல்லாம் அடங்கிய ஒரு அட்டைப்பெட்டி, சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது. பக்கத்தில் ஒரு பையன் வந்து நின்றான். முப்பது வயது இருக்காது.

"அப்பா, ஒரு சின்ன உதவி. என் தங்கச்சிக்கு அங்க குழந்தை பொறந்திருக்கு. அம்மா பிரசவ லேகியம் கிண்டிக் கொடுத்தாங்க. என் பையில வெயிட் கூடிப்போச்சு. இத மட்டும் வச்சுக்குங்க, மச்சான் வெளியில வந்து வாங்கிக்குவாரு."

அரைக்கிலோ பிடிக்கும் எவர்சில்வர் டப்பா. மூடியைச் சுற்றி பிரவுன் டேப். பெரியவர் கை நீட்டிவிட்டார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு லேகியம் என்றால் யார்தான் மறுப்பார்கள்?

"வாங்காதீங்க ஐயா" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நான் கிரிமினல் வழக்கு பார்க்கும் வக்கீல். "எனக்குத் தெரியாது சார், கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாங்க" என்ற வார்த்தையைச் சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கேட்டு நொந்தவன். அப்படிச் சொன்னவர்களில் பொய் சொன்னவர்களும் உண்டு, சத்தியமாகவே தெரியாதவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. தெரியாமல் செய்தால் குற்றமில்லை என்று நம்பிப் போய் மாட்டியவர்கள் அவர்கள்.

அந்த நம்பிக்கை முழுக்கத் தப்பும் இல்லை. கை செய்தது மட்டும் போதாது, மனமும் கூடவே குற்றத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் கிரிமினல் சட்டத்தின் அடிப்படை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கொலை, திருட்டு, மோசடி என்று எதை எடுத்தாலும், அந்தக் குற்ற எண்ணத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சந்தேகம் வந்தால் அதன் பலன் கூண்டில் நிற்பவருக்கு. ஆனால் போதைப்பொருள் வழக்கில் கதை தலைகீழ். இதைத்தான் நம் ஜனங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 35-ம் பிரிவு. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், உங்களுக்குக் குற்ற மனமும் இருந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற அளவுக்குக் காட்டினால் போதாது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். வழக்கமாக அரசுத் தரப்பின் தோளில் இருக்கும் மூட்டை அப்படியே உங்கள் தலையில் ஏறுகிறது.

ஒரு விஷயம் தெரியாது என்பதற்கு எங்கே போய் சாட்சி தேடுவீர்கள்? டப்பா கொடுத்தவன் போன் சுவிட்ச் ஆஃப். வெளியில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்ன மச்சானை யாரும் பார்த்ததே இல்லை. டப்பா உங்கள் பையில், பை உங்கள் பெயரில்.

அளவையும் கவனியுங்கள். ஹெராயின் 250 கிராம், மெத்தம்பெட்டமைன் 50 கிராம். இதைத் தாண்டினாலே 'வணிக அளவு'. ஒரு லேகிய டப்பா தாராளமாகக் கொள்ளும். தண்டனை 10 வருடத்துக்குக் குறையாது, 20 வரை போகும். அபராதம் 1 லட்சத்தில் ஆரம்பம். ஜாமீனும் லேசில் கிடைக்காது. நீங்கள் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக, விசாரணை முடியும் முன்பே நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும் என்கிறது 37-ம் பிரிவு.

1997 ஆகஸ்டில் காபூலிலிருந்து அமிர்தசரஸ் வந்து இறங்கினார் ஒரு ஆப்கானியர். கையில் திராட்சைப் பழ அட்டைப்பெட்டி. அதற்குள் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் இருந்ததாக வழக்கு. கீழ்க்கோர்ட் தண்டித்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2008-ல். நூர் ஆகா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பிரபலம். விடுவித்ததற்குக் காரணம், பொருளைக் கைப்பற்றியதிலும் பாதுகாத்ததிலும் இருந்த ஓட்டைகள். அரசுத் தரப்பு முதலில் அடிப்படை உண்மைகளை நிரூபிக்க வேண்டும், அதன் பிறகுதான் சுமை எதிரிக்கு மாறும் என்று கோர்ட் சொன்னது. ஆனால் அந்த 35-ம் பிரிவு செல்லாது என்று சொல்லவில்லை, செல்லும் என்றுதான் சொன்னது. ஒரு பழப்பெட்டிக்குப் 11 வருடம்!

சிங்கப்பூர் சட்டம் இன்னும் கொடூரம். பொருள் உங்களிடம் இருந்தால், அது என்னவென்று தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்பது அங்கேயும் சட்டத்தின் அனுமானம். தூய ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. வெறுமனே சுமந்து வந்தவர்தான் என்று நிரூபித்து, போதைப்பொருள் கும்பலைப் பிடிக்க உருப்படியாக உதவினார் என்று அரசு வழக்கறிஞரும் சான்று கொடுத்தால், நீதிபதி உயிரை விட்டுவைக்கலாம். அப்போதும் ஆயுள் சிறை, 15-க்குக் குறையாத பிரம்படி. எதுவுமே தெரியாத மனிதர் கும்பலைப் பற்றி எதைச் சொல்லிச் சான்று வாங்குவார்? இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

திரும்பி வரும் வழியில் இருப்பது தங்கம். துபாயிலும் கோலாலம்பூரிலும் ஊருக்குக் கிளம்பும் நம் பையன்களிடம், "டிக்கெட் நாங்க போடுறோம், இத மட்டும் கொண்டுபோ" என்று ஆள் வருவான். 'குருவி' என்று செல்லமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கஸ்டம்ஸ் சட்டத்திலும் அதே பொறி உண்டு. பிடிபட்ட தங்கம் கடத்தல் தங்கம் இல்லை என்று 123-ம் பிரிவுப்படி நீங்கள்தான் காட்ட வேண்டும். 138ஏ பிரிவுப்படி குற்ற மனமும் முன்கூட்டியே அனுமானம். சிறை 7 வருடம் வரை போகலாம்.

இது இன்று நேற்று வந்த கண்டிப்பும் அல்ல. 1962 நவம்பரில் சூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரர், உடுப்புக்குள் 34 கிலோ தங்கத்தோடு பம்பாயில் பிடிபட்டார். விமானம் வழியில் நின்றது, அவ்வளவுதான். இந்தியாவுக்குள் வரும் எண்ணமே அவருக்கு இல்லை. இந்தியா வழியாகக் கொண்டுபோகும் தங்கம் பற்றிய விதியை மாற்றிய ரிசர்வ் வங்கி அறிவிக்கை அரசிதழில் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. தெரியாது என்றார். உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. 1964-ல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், இந்த விதிக்குக் குற்ற மனம் தேவையே இல்லை என்று அவரைக் குற்றவாளி ஆக்கியது. மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பாராவ். என் மனசு அவர் பக்கம்தான். ஆனால் சட்டமாக நிற்பது மற்ற இருவரின் தீர்ப்பு.

மாட்டிக்கொண்டால் பதற்றத்தில் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள். போதைப்பொருள் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கு அது. கஸ்டம்ஸ் அதிகாரி 108-ம் பிரிவில் எழுதி வாங்குவது வேறு, அது உங்களுக்கு எதிராக நிற்கும். படித்துப் பார்க்காமல், புரியாத மொழியில் இருந்தால் புரியாது என்று சொல்லாமல், கையெழுத்து வேண்டாம். வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள்.

தட்டவே முடியாத சொந்தக்காரர் கொடுத்தால்? அவர் கண் முன்னாலேயே டேப்பைப் பிரியுங்கள். பொடியைக் கிளறுங்கள், ஊறுகாயில் கரண்டியை விடுங்கள், பையின் தையலைத் தடவிப் பாருங்கள். கொடுப்பவர் முகத்தையும் பொருளையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வழியில் சந்தேகம் தட்டினால், ஸ்கேனருக்குப் பை போகும் முன்பே அதிகாரியிடம் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். பிடிபட்ட பிறகு சொல்வதற்கும் முன்னால் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வரிசையில் நின்ற அந்தப் பையன் என்னை முறைத்தான். "நீங்க யாரு சார் நடுவுல?" என்றான். திறந்து காட்டச் சொன்னேன். டப்பாவை வாங்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வாசல் பக்கம் போய்விட்டான். உள்ளே வெறும் லேகியமாகவே இருந்திருக்கலாம். பெரியவருக்கு என் மேல் வருத்தம். "பாவம், பச்ச உடம்புக்காரிக்குக் கொடுத்தது" என்றார். இத்தனை சட்டத்தையும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடிப்பதற்குள் வரிசை பாதி நகர்ந்திருந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அட்டைப்பெட்டியை ஓரமாக இழுத்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்னய்யா?"

"நேத்து எதிர்வீட்டுக்காரன் அவன் தம்பிக்குன்னு ஒரு பொட்டலம் கொடுத்தான் தம்பி. நான் பிரிச்சே பாக்கல."