வளைவில் வண்டி ஏன் வெளியே ஓடுகிறது?

சாயங்காலம் மழை பிடித்தால் சாலாக் செலாத்தான் பக்கத்து மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்கள் வரிசையாக ஒதுங்கிவிடும். மழை விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பிய ஓர் இளைஞர், நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் தன் கப்சாய் மோட்டாரோடு நேராகப் போய்த் தடுப்பில் மோதியதை என் கண்ணால் பார்த்தேன். வேகம் ஐம்பதுக்கு மேல் இருக்காது. வளைவு நெருங்கியதும் பயந்து பிரேக்கை அழுத்தினார். வண்டி நிமிர்ந்தது, திரும்பவில்லை. கை முறிந்ததோடு தப்பினார்.

“கண்மண் தெரியாமல் வந்திருப்பான்” என்றார்கள் சுற்றி நின்றவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடுகிற வண்டியை எப்படித் திருப்புவது என்று அவருக்கு யாருமே சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பி2 மோட்டார் லைசன்ஸ் சோதனையில் தித்தி என்னும் குறுகிய மேடையில் ஏறி இறங்குகிறோம், கோன்களுக்கு நடுவே நெளிந்து வருகிறோம். எல்லாம் ஊர்ந்து போகும் வேகம்தான். அந்த வேகத்தில் இடது பக்கம் போக, ஹேண்டலை இடது பக்கம் திருப்பினால் போதும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் கணக்கு தலைகீழ். இடது வளைவுக்கு இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் போகும், வண்டி இடது பக்கம் சாயும், சாய்ந்ததும் வளையும். விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட்டே இதைச் சைக்கிளில் கவனித்திருக்கிறார். தினமும் ஓட்டுகிற நாமும் தெரியாமல் இதைத்தான் செய்கிறோம். ஆனால் பதறும்போது கை மறந்துவிடுகிறது. 1981-இல் வெளிவந்த ஹேரி ஹர்ட்டின் அமெரிக்க ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900-க்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்தது. விபத்தில் சிக்கியவர்களிடம் இந்தத் திறன் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று அது சொன்னது.

வேகத்தின் விலையையும் பாருங்கள். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டரில் போனால் சுமார் 14 பாகை சாய்ந்தால் போதும். 60-இல் போனால் ஏறக்குறைய 30 பாகை. வேகம் ஒன்றரை மடங்குதான், சாய்வோ இரண்டு மடங்கு. ஈரத் தார், வெள்ளைக் கோடு, மேம்பால இணைப்பின் இரும்புப் பட்டை, இவற்றின் மேல் அந்தச் சாய்வை டயர் தாங்காமல் போகலாம்.

அடுத்தது உடம்பு. உடம்பை நேராக வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் கீழே அழுத்துவது நம் பையன்கள் பலருடைய பழக்கம். அப்போது அதே வளைவுக்கு வண்டி இன்னும் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும், கால்மிதி தரையில் உரசும். தலையும் தோளும் வளைவின் உள்பக்கம் கொஞ்சம் போனால் வண்டிக்குச் சாய்வு குறையும். செப்பாங் பந்தயக்காரர் மாதிரி முழங்காலைத் தரையில் தொட வேண்டாம். கப்சாயில் இன்னொரு சிக்கல்: முழங்காலால் இறுக்கிப் பிடிக்க முன்னால் டேங்க் கிடையாது. அதனால் உடல் எடை கைக்குப் போகும், கை விறைக்கும், விறைத்த கை ஹேண்டலைத் திரும்ப விடாது. எடையைக் கால்மிதியில் வையுங்கள், முழங்கை தளர்ந்திருக்கட்டும். பின்னால் உட்காருபவர் பயத்தில் எதிர்ப்பக்கம் சாயாமல், ஓட்டுபவரின் உள்பக்கத் தோளுக்கு மேலே பார்த்தால் போதும்.

பிரேக் வளைவுக்கு முன்னால். உள்ளே போன பிறகு வேகம் அதிகம் என்று தெரிந்தால், தடுப்பைப் பார்க்காதீர்கள். வண்டி கண் போகும் இடத்துக்குத்தான் போகும். வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். பெரும்பாலான கப்சாய்களில் ஏபிஎஸ் இல்லை. சாய்ந்த நிலையில் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் விழ நேரலாம். மலேசியாவின் சாலை மரணங்களில் பத்தில் ஆறுக்கும் மேல் மோட்டாரோட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும்தான். விழுந்தால், 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். குழியோ எண்ணெயோ காரணம் என்றால், ஒட்டுப் போடுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் துறைமீது வழக்குப் போட 36 மாதம்தான் கெடு.

நம்மில் பலர் ஏமாறுவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ விஷயத்தில். “வேறு வண்டி மோதவில்லையே, நானாகத்தானே விழுந்தேன்” என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் காயத்துக்குக் காசு கொடுக்காது என்பது உண்மை. ஆனால் சந்தாதாரராகிய நீங்கள் வீட்டிலிருந்து வேலைக்கோ, வேலையிலிருந்து வீட்டுக்கோ வழியில் வேறெங்கும் திரும்பாமல் போகும்போது விழுந்தால் அது வேலை தொடர்பான விபத்து. தவறு யாருடையது என்ற கேள்வியே அங்கு இல்லை. மருத்துவச் சீட்டையும் போலீஸ் புகாரையும் பத்திரப்படுத்துங்கள், முதலாளிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் பெர்கேசோவுக்குத் தெரிவித்தாக வேண்டும்.